வாசலில் நிற்கும் வரிசை

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் இரவு பல வீடுகளில் ஏறத்தாழ ஒரே மாதிரியாகத்தான் கழிகிறது. சுட்டெண் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். வாப்பாவின் தொலைபேசியில் ஒரு தடவை, நானாவின் மடிக்கணினியில் ஒரு தடவை, பக்கத்து வீட்டுச் சாச்சியின் தொலைபேசியில் ஒரு தடவை என்று அதே எண்ணைத் தட்டிக்கொண்டிருப்போம். திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். உம்மா தஸ்பீஹை உருட்டியபடி "வந்திச்சா?" என்று கேட்பார். கடைசியில் யாராவது ஒருவர் "சைட் விழுந்திட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

பல வேளைகளில் அது விழுந்திருப்பதில்லை. நின்றுகொண்டுதான் இருக்கிறது, வேலையும் செய்துகொண்டிருக்கிறது. நாம்தான் அதன் வாசலில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசையில் நிற்கிறோம். அல்லது அந்த வரிசையிலேயே இடம் கிடைக்காமல் தெருவில் நிற்கிறோம். அந்த வரிசை எங்கே இருக்கிறது, அதை யார் நடத்துகிறார்கள், அதை நீளமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இணையப் பக்கங்களை வைத்திருந்து, கேட்பவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் கணினியைச் சேவையகம் என்கிறோம். நமது தொலைபேசியும் அதுவும் பேசிக்கொள்வதற்கு டீ.சீ.பீ. என்றொரு நடப்பொழுங்கு உண்டு. வின்ட் சேர்ஃப், பொப் கான் ஆகிய இருவரும் 1974 இல் அதன் அடிப்படையை எழுதினார்கள். 1981 இல் அது ஒரு நியமமாக வெளியானது. இன்றும் இணையத்தின் பெரும்பகுதி அதன்மீதே ஓடுகிறது.

அந்த நடப்பொழுங்கின் தொடக்கம் நமக்குப் பழக்கமான ஒன்றைப் போன்றது. ஒருவர் வீட்டுக்குப் போனால் நேரே உள்ளே நுழைவதில்லை. வாசலில் நின்று ஸலாம் சொல்கிறோம். உள்ளேயிருந்து பதில் ஸலாமும், "யாரு?" என்ற கேள்வியும் வருகின்றன. பெயரைச் சொல்கிறோம். அதன் பிறகே கதவு திறக்கிறது. கணினிகளும் மூன்று செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. நமது தொலைபேசி 'சின்' என்ற சிறு பொதியை அனுப்புகிறது. சேவையகம் அதை ஏற்றதாகவும், தானும் பேசத் தயாரென்றும் 'சின்-அக்' என்ற பொதியைத் திருப்பி அனுப்புகிறது. அது கிடைத்ததென்று நமது தொலைபேசி 'அக்' என்று மூன்றாவது செய்தியை அனுப்புகிறது. இதற்குப் பிறகுதான் சுட்டெண்ணோ பெறுபேறோ பேச்சுக்கு வரும்.

இந்த மூன்று செய்திகளையும் கையாள்வது பெறுபேற்றைத் தேடித் தரும் மென்பொருள் அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். சேவையகத்தின் பணிசெயல் முறைமையே அதைச் செய்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நம்பர் கொடுப்பவர் ஒருவர், உள்ளே மருந்து எழுதும் டொக்டர் வேறொருவர். வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது, "அடுத்த ஆள்" என்று அழைக்கும் வரை டொக்டருக்குத் தெரியாது. பணிசெயல் முறைமை நம்பர் கொடுப்பவர். இணையத்தள மென்பொருள் டொக்டர்.

நம்பர் கொடுப்பவரிடம் இருப்பது ஒரு வரிசையல்ல, இரண்டு. ஸலாம் சொல்லிவிட்டார், பதிலும் அனுப்பியாயிற்று, ஆனால் மூன்றாவது செய்தி இன்னும் வரவில்லை என்ற நிலையில் இருப்போர் முதலாவது வரிசையில் இருக்கிறார்கள். இதை அரைகுறை இணைப்புகளின் வரிசை எனலாம். மூன்று செய்திகளும் முடிந்து, மென்பொருள் எப்போது அழைக்கும் என்று காத்திருப்போர் இரண்டாவது வரிசையில் இருக்கிறார்கள். இவர்கள் முழுமை பெற்ற இணைப்புகள். லினக்ஸ் போன்ற முறைமைகள் இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கு வைக்கின்றன. இரண்டுக்கும் எல்லையும் உண்டு. ஒவ்வொருவரையும் ஞாபகம் வைத்திருக்க நினைவகத்தில் இடம் வேண்டும் அல்லவா?

தொடக்கத்தில் அந்த எல்லை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியதாக இருந்தது. 1983 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலிருந்து வெளிவந்த யுனிக்ஸ் முறைமையில், ஒரு மென்பொருள் கேட்டுப் பெறக்கூடிய ஆகக்கூடிய வரிசை நீளம் 5. நூறல்ல, ஐம்பதல்ல, ஐந்து! அன்றைய இணையத்துக்கு அது போதும். ஒரு பல்கலைக்கழகக் கணினியின் வாசலில் ஒரே கணத்தில் ஐந்து பேருக்கு மேல் வந்து நிற்பார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

முதலாவது வரிசையின் பலவீனம் 1996 இல் உலகுக்குத் தெரிந்தது. நியூயோர்க்கில் பானிக்ஸ் என்றொரு இணையச் சேவை நிறுவனம் இருக்கிறது. அந்நகரின் மிகப் பழைய இணையச் சேவை நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அவ்வருடம் செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் அதன் சேவையகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. யாரும் கடவுச்சொல்லைத் திருடவில்லை, எதையும் அழிக்கவுமில்லை. வெறும் ஸலாம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதாவது, பொய்யான முகவரிகளிலிருந்து வருவதுபோல் 'சின்' பொதிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சேவையகம் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் அனுப்பிவிட்டு, மூன்றாவது செய்திக்காகக் காத்திருந்தது. அந்த முகவரியில் ஆளே இல்லாதபோது மூன்றாவது செய்தி எங்கிருந்து வரும்?

பேர்க்லி வழியில் வந்த முறைமைகள் அப்படி வராத செய்திக்காக 75 விநாடிகள் காத்திருந்தன. வரிசையில் எட்டுப் பேருக்குத்தான் இடமென்றால், 75 விநாடிக்கு எட்டுப் பொய்ப் பொதிகள் போதும், வாசல் அடைபட்டுவிடும். உண்மையாக வருபவர் தெருவில் நிற்பார். ஒரு பெரிய நிறுவனத்தை முடக்க, சாதாரணத் தொலைபேசி இணைப்பில் இயங்கும் ஒரு வீட்டுக் கணினி போதுமானதாக இருந்தது.

இந்தப் பலவீனத்தை அதற்கு முன்பே அறிந்தவர்கள் இருந்தார்கள். இணையப் பாதுகாப்பு வல்லுநர்களான பில் செஸ்விக், ஸ்டீவன் பெலொவின் ஆகிய இருவரும் 1994 இல் தமது நூலை எழுதும்போதே இதைக் கண்டுபிடித்து, ஒரு பந்தியும் எழுதியிருந்தார்கள். பின்னர் அந்தப் பந்தியை நீக்கிவிட்டார்கள். அப்போது இதற்குத் தக்க மருந்து இருக்கவில்லை; நோயை மட்டும் ஊருக்குச் சொல்வதால் என்ன பயன் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் மூடி வைத்தது மூடியபடி இருக்கவில்லை. 1996 இல் வேறு சிலர் தாமாகவே கண்டுபிடித்து, தாக்குதலைச் செய்யும் நிரலையும் சேர்த்து வெளியிட்டார்கள். சொல்லியிருந்தால் இரண்டு வருடம் முன்னதாகவே மருந்து தேடத் தொடங்கியிருப்பார்களோ, அல்லது தாக்குதல்தான் இரண்டு வருடம் முன்னதாக வந்திருக்குமோ? இக்கேள்விக்கு இன்றும் கணினித் துறையில் இரு கட்சிகள் உண்டு. எனக்குச் சொல்லியிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

மருந்து அதே செப்டெம்பர் மாதத்தில் கிடைத்தது. டானியல் பேர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர் முன்வைத்த யோசனை அது. 'சின் குக்கி' என்று அதற்குப் பெயர். இந்தக் கட்டுரையில் ஒரு விடயத்தை மட்டும் நிதானமாக வாசிக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

வரிசை நிரம்புவது ஏன்? ஸலாம் சொன்ன ஒவ்வொருவரையும் சேவையகம் தனது கொப்பியில் எழுதி வைப்பதனால்தானே? அப்படியானால் எழுதவே வேண்டாம் என்றார் பேர்ன்ஸ்டைன். எழுத வேண்டியதை, வந்தவரின் கையிலேயே ஒரு துண்டாகக் கொடுத்து அனுப்பிவிடலாம். டீ.சீ.பீ. பதிலில் 32 பிட் நீளமான ஒரு தொடரிலக்கம் எப்படியும் போக வேண்டும். வழமையாக அது எழுமாறாகத் தெரிவு செய்யப்படும். அதற்குப் பதிலாக, வந்தவரின் முகவரி, வாசலின் இலக்கம், அப்போதைய நேரம், சேவையகம் மட்டுமே அறிந்த ஓர் இரகசிய எண் ஆகியவற்றைக் கலந்து கணித்துப் பெற்ற முத்திரையை அந்த இலக்கத்தில் வைத்துவிடுவது. அனுப்பியதும் சேவையகம் அவரை முற்றாக மறந்துவிடலாம். உண்மையான ஆள் மூன்றாவது செய்தியை அனுப்பும்போது, நடப்பொழுங்கின்படி அந்த இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டித் திருப்பித் தந்தே ஆக வேண்டும். சேவையகம் ஒன்றைக் கழித்துவிட்டு, அதே கணிப்பை மீண்டும் செய்து பார்க்கும். முத்திரை பொருந்தினால் ஆள் உண்மையானவர். பொய் முகவரிக்காரருக்கு அந்தத் துண்டு போய்ச் சேருவதே இல்லை. எனவே அவரால் திருப்பித் தரவும் முடியாது.

இதற்கும் ஒரு விலை உண்டு. 32 பிட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க முடியாது. இணைப்பை வேகமாக்கும் சில விருப்பத் தெரிவுகளைக் கைவிட நேரும். ஆகவே லினக்ஸ் இதை எப்போதும் பயன்படுத்துவதில்லை. முதலாவது வரிசை நிரம்பி வழியும்போது மட்டும் முத்திரைத் துண்டைக் கையில் எடுக்கிறது.

இனி இரண்டாவது வரிசைக்கு வருவோம். பெறுபேற்று இரவில் நம்மை வாட்டுவது பெரும்பாலும் இதுவே. இங்கே நிற்போர் எல்லோரும் உண்மையானவர்கள்; ஒழுங்காக ஸலாம் சொல்லி, பெயர் சொல்லி வந்தவர்கள். இவ்வரிசை நிரம்பக் காரணம் கள்வர் அல்ல, உள்ளே டொக்டர் தாமதிப்பதுதான். ஒவ்வொரு சுட்டெண்ணுக்கும் தரவுத்தளத்தைத் தேடி, பக்கத்தை உருவாக்கி, அனுப்பி முடித்த பிறகே மென்பொருள் அடுத்தவரை அழைக்கிறது. அழைக்கும் வேகத்தைவிட வரும் வேகம் கூடினால் வரிசை நீளத்தான் செய்யும்.

நிரம்பிய பின் என்ன நடக்கிறது என்பது விசித்திரமானது. லினக்ஸின் வழமை இதுதான்: புதிதாக வரும் 'சின்' பொதிகளைப் பேசாமல் கீழே போட்டுவிடும். "இடமில்லை" என்றுகூடச் சொல்லாது. நமது தொலைபேசி, பொதி வழியில் தொலைந்ததென்று நினைத்து மீண்டும் அனுப்பும். அதைவிட விசித்திரம், பாதிவழியில் இருந்தவர்களின் நிலை. அவர்களுக்கு 'சின்-அக்' ஏற்கெனவே போயிருக்கும். அவர்கள் மூன்றாவது செய்தியை அனுப்பிவிட்டு, தாம் இணைந்துவிட்டதாகவே நம்புகிறார்கள். ஆனால் அச்செய்தியைச் சேவையகம் ஏற்காமல் கைவிட்டுவிடுகிறது. ஒரு பக்கம் "நான் உள்ளே வந்துவிட்டேன்" என்கிறது. மறுபக்கம் "அப்படி ஒருவர் வரவே இல்லை" என்கிறது. சுழன்றுகொண்டே இருக்கும் வட்டத்தின் பின்னால் சில வேளைகளில் இருப்பது இந்த நிலைதான்.

அப்படியானால் இரண்டாவது வரிசையின் நீளத்தைக் கூட்டிவிட்டால் என்ன? எவருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. ஓரளவுக்குச் சரியும்கூட. லினக்ஸில் இவ்வரிசைக்கான பொது எல்லை நெடுங்காலம் 128 ஆக இருந்தது. 2019 இல் வெளியான 5.4 பதிப்பில் அதை 4096 ஆக உயர்த்தினார்கள். அதற்கு முன்னர் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளைத் தொடக்கியவர்கள் ஓர் எச்சரிக்கையை அடிக்கடி கண்டிருப்பார்கள். "நான் 511 பேருக்கு இடம் கேட்டேன், முறைமை 128 பேருக்குத்தான் தருகிறது" என்பது அதன் சாரம். மென்பொருள் எவ்வளவு கேட்டாலும் முறைமையின் எல்லைக்கு மேல் கிடைக்காது. இது தெரியாமல் மென்பொருளின் அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு, ஏன் பயனில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஆனால் வரிசையின் நீளம் வேறு, உள்ளே நடக்கும் வேலையின் வேகம் வேறு. இதை நம் நாட்டவருக்கு விளக்கத் தேவையில்லை. 2022 இல் பெற்றோல் நிலையங்களின் முன் வரிசைகள் ஊர் தாண்டி நீண்டன. வீதியில் இன்னும் ஆயிரம் வாகனங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலாவது கூடுதலாக வந்திருக்குமா? இடம் கிடைத்த ஆயிரம் பேரும் இன்னும் ஓர் இரவு வாகனத்திலேயே தூங்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

சேவையகங்களில் இதற்கு ஓர் அருமையான உதாரணம் உண்டு. பீ.எச்.பீ. மொழியில் எழுதிய இணையத்தளங்களை இயக்கும் ஒரு மென்பொருளில், இந்த வரிசையின் வழமை நீளத்தை ஒரு காலத்தில் 65,535 ஆக வைத்திருந்தார்கள். தாராள மனம்தான். பிறகு அதைத் திருத்தியவர்கள் ஒரு சின்னக் கணக்கைக் காரணமாகக் காட்டினார்கள். சேவையகம் விநாடிக்கு 5,000 பேரைக் கவனிக்கும் என்று வைத்துக்கொண்டால், நிரம்பிய வரிசையைக் காலி செய்ய 13 விநாடிகள் ஆகும். அதற்குள் கடைசியில் நிற்பவர் காத்திருந்து சலித்து, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போயிருப்பார். மென்பொருளுக்கோ அது தெரியாது. அவருடைய முறை வந்ததும் அவரை அழைத்து, அவருக்காகத் தரவுத்தளத்தைத் தேடி, பக்கத்தைத் தயாரித்து, கொடுக்கக் கையை நீட்டும்போதுதான் ஆள் இல்லை என்று அறிகிறது. அவ்வளவு உழைப்பும் வீண். அந்த நேரத்தில் உண்மையாகவே காத்திருப்பவர் இன்னும் பின்னால் நின்று, அவரும் சலித்துப் போகிறார். இப்படிச் சேவையகம் முழு மூச்சாக வேலை செய்துகொண்டே, ஒருவருக்கும் பயன்படாமல் போக முடியும். எனவே நீளத்தை 511 ஆகக் குறைத்தார்கள். அதே வேகத்தில் 511 பேரைக் கவனிக்க ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு போதும்.

அப்படியென்றால் வரிசை எதற்கு? திடீரென்று ஒரு கணத்தில் இருநூறு பேர் சேர்ந்து வந்து, அடுத்த கணத்தில் யாரும் வராமல் இருந்தால், அந்த மேடு பள்ளத்தைச் சமப்படுத்துவதற்கு. தொடர்ந்து வரும் வெள்ளத்தைத் தாங்குவதற்கு அல்ல.

கணிதம் படிக்கும் மாணவிகள் இதை எண்களில் பார்க்கலாம். டென்மார்க்கின் அக்னர் எர்லாங், கொப்பன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து 1909 இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது வரிசைக் கோட்பாடு. அதன் மிக எளிய வடிவத்தில், ஆட்கள் எழுமாறாக வருகிறார்கள், ஒருவர் மட்டும் கவனிக்கிறார், ஒவ்வொருவருக்கும் எடுக்கும் நேரமும் எழுமாறானது. கவனிப்பவர் தனது நேரத்தில் பாதியளவு வேலையாக இருந்தால், கவனிக்கப்படுபவரையும் சேர்த்துச் சராசரியாக உள்ளே இருப்பவர் ஒருவர். 80 சதவீதம் வேலையாக இருந்தால் நால்வர். 90 சதவீதமானால் ஒன்பது பேர். 99 சதவீதமானால் 99 பேர். 90 இலிருந்து 99 ஆக வேலை பத்தில் ஒரு பங்குதான் அதிகரித்தது, வரிசை பதினொரு மடங்காகிவிட்டது! அதனால்தான் இணையத்தளம் படிப்படியாக மெதுவாவது நமக்குத் தெரிவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுவிட்டதுபோல் தெரிகிறது. நூறு சதவீதத்தை எட்டினால் வரிசைக்கு எல்லையே இல்லை.

ஆகவே நல்ல வடிவமைப்பாளர் முதலில் உள்ளே நடக்கும் வேலையைக் குறைக்கப் பார்ப்பார். பெறுபேறு வெளியான பின் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்தைத் தோண்டாமல், ஆயத்தமான பக்கங்களை முன்கூட்டியே செய்து வைத்து, பல சேவையகங்களில் பிரித்து வைக்கலாம். அதற்கும் மேலே கூட்டம் வந்தால், வாசலிலேயே "இப்போது முடியாது, இத்தனை விநாடி கழித்து வாருங்கள்" என்று சொல்லிவிடுவது மேல். அதற்கென்றே 503 என்ற பதில் இருக்கிறது. எப்போது திரும்பி வரலாம் என்பதையும் அதோடு சேர்த்து அனுப்ப முடியும். 503 ஐத் திரையில் கண்டால் நமக்குக் கோபம்தான் வரும். ஆனால் அது சுழலும் வட்டத்தைவிட நேர்மையானது.

மறுபக்கம் நமது கருவியும் ஓர் ஒழுங்கோடுதான் நடந்துகொள்கிறது. மூன்று தடவை அனுமதி கேட்டும் பதிலில்லையென்றால் திரும்பிப் போய்விட வேண்டுமென்று நமக்கு மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. லினக்ஸ் கொஞ்சம் பிடிவாதக்காரர். 2023 வரை அதன் வழமை இப்படி இருந்தது: முதல் 'சின்' பொதிக்குப் பதிலில்லாவிட்டால் 1 விநாடி பொறுத்து மீண்டும் அனுப்பியது. பிறகு 2 விநாடி, 4, 8, 16, 32 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், மொத்தம் 127 விநாடிகளின் பின் கைவிட்டது. வாசலில் நெரிசல் என்றால் தட்டுவதை மெதுவாக்க வேண்டும் என்ற அறிவு அதற்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த அறிவைக் குழப்புவது நமது விரல். வட்டம் சுழல்கிறதே என்று பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தும்போது, தொலைபேசி பெரும்பாலும் பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதியதொன்றைத் தொடங்குகிறது. காத்திருப்பின் கணக்கும் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பழைய இணைப்பு இரண்டாவது வரிசையில் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தால், நாம் மூடியதால் அந்த இடம் காலியாவதில்லை. அதன் முறை வரும்வரை அது அங்கேயே நிற்கும். முறை வந்ததும், போய்விட்ட நமக்காகச் சேவையகம் பெறுபேற்றைத் தேடும். பத்துத் தடவை அழுத்தினால், ஒரே சுட்டெண்ணுக்காக ஒன்பது ஆவிகளும் ஒரு மாணவியும் வரிசையில் நிற்கக்கூடும். அந்த மாணவி ஒன்பது பேருக்கும் பின்னால்.

வீட்டில் லினக்ஸ் கணினி உள்ளவர்கள் இந்த வரிசையைக் கண்ணாலேயே காணலாம். 'எஸ்எஸ்' என்ற இரண்டெழுத்துக் கட்டளையை, காத்திருக்கும் வாசல்களை மட்டும் காட்டும்படி கொடுத்தால், ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு எண்கள் வரும். இடது பக்கத்து எண், மென்பொருள் அழைக்கும்வரை இந்தக் கணத்தில் நிற்பவர்களின் தொகை. வலது பக்கத்தில் இருப்பது அவ்வரிசையின் எல்லை. சாதாரண நாளில் இடது பக்கம் பூச்சியமாகவே இருக்கும்.